கட்டிய கையே அவிழ்க்கட்டும்: வாட்டில் டூர்னிகே பாவிக்கும் தாதியருக்கு

அந்த ஐயா முழுக்கைச் சட்டை போட்டிருந்தார். படுவான்கரையிலிருந்து மட்டக்களப்பு வாவியைக் கடந்து வந்தவர். மார்கழி மழை, டெங்குக் காலம். கட்டிலுக்கு இரண்டு பேர், மிச்சப் பேருக்கு நிலத்தில் பாய். எனக்கு அது தாதி வேலையில் இரண்டாம் வருடம். வேறொரு ஆஸ்பத்திரி, பெயர் வேண்டாம். ட்ரேயில் டூர்னிகே, அதாவது ஊசி குத்தும் முன் கையில் இறுக்கும் ரப்பர் பட்டி, இல்லை. வழக்கம்போல ஒரு கையுறையை இழுத்து முழங்கைக்கு மேல் முடிந்தேன். கெனுலா (நாளத்துக்குள் போடும் மெல்லிய பிளாஸ்டிக் குழாய்) முதல் குத்திலேயே போனது. மூடியைப் போட்டு பிளாஸ்டர் ஒட்டினேன். அதற்குள் நாலு கட்டில் தள்ளி ஒரு பொடியனுக்கு வலிப்பு. ஓடினேன். ஐயாவின் சட்டைக் கை தானாகச் சரிந்து கையுறையை மூடிக்கொண்டது.

ஒன்றேமுக்கால் மணித்தியாலம் கழித்து, பின்னேர டியூட்டிக்கு வந்த அக்கா சேலைன் ஏற்றப் போனார். ஒரு துளி ஓடவில்லை. கெனுலா அடைத்துவிட்டதாக்கும் என்று புதிதாக ஒன்று போட சட்டைக் கையைச் சுருட்டியபோதுதான் அது தெரிந்தது. கை கத்தரிக்காய் நிறம். கையுறை சுருண்டு நூல் போலாகி, சதைக்குள் ஒரு வாய்க்கால் வெட்டியிருந்தது. நான் அழுதுகொண்டே கேட்டேன்: "ஏன் ஐயா ஒரு சத்தம் போடல்ல?"

"நீங்க கட்டினதுதானே மகள். மருந்துக்காக்கும் எண்டு இருந்தன்."

வீக்கம் மறுநாள் வடிந்தது. இரண்டு விரலில் மட்டும் விறைப்பு கொஞ்ச நாள் கிடந்தது. இருபத்திரண்டு வருடத்துக்குப் பிறகும் முழுக்கைச் சட்டை போட்ட ஒருவரைக் கண்டால் என் கை தானாக அவர் சட்டையைச் சுருட்டப் போகும்.

கல்லூரியில் கட்டுவதைப் பத்து முறை செய்து காட்டச் சொல்வார்கள். அவிழ்த்துக் காட்டச் சொல்லி யாரும் கேட்டதில்லை. புதிதாக வாட்டுக்கு வரும் தங்கச்சிமாருக்கும் தம்பிமாருக்கும் நான் வாயால் சொல்லிக் கொடுப்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எவ்வளவு இறுக்கம்

பட்டி செய்ய வேண்டியது ஒரே வேலை. மேலே இதயத்துக்கு இரத்தம் கொண்டுபோகும் நாளத்தை அடைக்க வேண்டும், கீழே கைக்கு இரத்தம் கொண்டுவரும் நாடியை விட வேண்டும். இரத்தம் கைக்குள் வந்துகொண்டே இருந்தால்தான் நாளம் புடைக்கும். நாடியையும் சேர்த்து நெரித்துவிட்டால் கை வெளிறும், நாளம் இன்னும் ஒளிந்துகொள்ளும். "நரம்பு கிடைக்கல்ல" என்று சொல்லிச் சொல்லி இறுக்குகிறவர்கள் பாதிப் பேர் தாங்களே அதை மறைத்துக்கொண்டு தேடுகிறார்கள்.

அதனால் கட்டியதும் மணிக்கட்டில் இரண்டு விரலை வையுங்கள். நாடித்துடிப்பு தெரிய வேண்டும். தெரியவில்லையா, தளர்த்துங்கள். பிரஷர் மெஷினின் கஃப்பைப் பாவித்தால் 40 அளவில் நிறுத்தினால் பெரும்பாலும் போதும். மெல்லிய தோலுள்ள வயதானவர்களுக்கும், இரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்களுக்கும் எனக்கு கஃப்தான் பிடிக்கும். அகலமானது, தோலைக் கிள்ளாது. பெரிய கறுப்புத் துணியும் குழாயும் தொங்குவதால் மறந்துபோகவும் கஷ்டம்.

இடம், குத்தப் போகும் இடத்துக்கு நாலைந்து விரலகலம் மேலே. உலக சுகாதார நிறுவனம் 2010இல் வெளியிட்ட இரத்தம் எடுக்கும் வழிகாட்டியிலும் இதே அளவுதான். விரலகலம் என்பது நல்ல அளவு, ஸ்கேல் தேட வேண்டியதில்லை.

முடிச்சுக்கு வருவோம். எங்கள் அப்பா எருமை வைத்திருந்தார். வெள்ளம் வந்தால் இருட்டில், தண்ணீருக்குள் நின்று, ஒரு கையால் மாட்டை அவிழ்த்துவிட வேண்டும். அதனால் கம்பத்தில் எப்போதும் பாதி முடிச்சுத்தான் போடுவார். கயிற்றின் நுனியை முழுதாக உள்ளே இழுக்காமல் மடித்து ஒரு வளையமாகச் செருகிவிடுவார். நுனியைப் பிடித்து இழுத்தால் முழுதும் கழன்று வரும். பட்டிக்கும் அதே முடிச்சுத்தான். இரண்டு முனையையும் குறுக்கே போட்டு, மேல் முனையை மடித்து அடியில் செருகுங்கள். தொங்கும் நுனி தோள்ப் பக்கம் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் சுத்தம் செய்த இடத்தில் வந்து விழும். இரட்டை முடிச்சு ஒருபோதும் வேண்டாம். உங்கள் இடது கையால் ஒரே இழுவையில் கழற்ற முடியாத முடிச்சு பிழையான முடிச்சு. வீட்டில் மேசைக் காலில் கட்டிப் பழகலாம். நான் பழகியிருக்கிறேன்.

அந்த ஒரு நிமிடம்

பட்டி ஒரு நிமிடத்துக்கு மேல் இருக்கக்கூடாது என்று எல்லாருக்கும் தெரியும். மணிக்கூடு பார்த்து ஒரு தரம் அளந்து பாருங்கள், சிரிப்பு வரும். குத்துவதற்கு எடுப்பது இருபது விநாடி. மற்ற நேரமெல்லாம் பிளாஸ்டர் வெட்டுவது, பஞ்சு தேடுவது, குழாயில் பெயர் எழுதுவது, பக்கத்துக் கட்டில் அம்மாவுக்குப் பதில் சொல்வது. பட்டியைக் கட்டிவிட்டுத்தான் இதெல்லாம் ஞாபகம் வரும்.

நான் செய்யும் ஒழுங்கு இது. முதலில் பட்டியைக் கட்டி நாளத்தைத் தடவிப் பார்த்து இடத்தை மனதில் வைத்துக்கொள்வேன். உடனே அவிழ்த்துவிடுவேன். பிறகு ஆறுதலாக பிளாஸ்டரை மூன்று துண்டு வெட்டி ட்ரேயின் விளிம்பில் ஒட்டுவேன், கெனுலாவைப் பிரிப்பேன், சேலைன் சிரிஞ்சை நிரப்புவேன், ஸ்பிரிட் பஞ்சால் துடைப்பேன். ஸ்பிரிட் காய அரை நிமிடம் வேண்டும், ஊதி ஊதிக் காய வைக்கக்கூடாது. எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் வந்த பிறகே பட்டி இரண்டாம் முறை ஏறும். இப்போது ஒரு நிமிடம் தாராளம். கிடைக்கவில்லை, நேரம் போய்விட்டது என்றால் அவிழ்த்து இரண்டு நிமிடம் விட்டு மறுபடி கட்டுங்கள். அந்த இரண்டு நிமிடமும் வீண் இல்லை. கையைக் கட்டிலுக்குக் கீழே தொங்கப் போடச் சொன்னால் நாளம் நிரம்பும், வெந்நீர்த் துணி வைத்தாலும் நிரம்பும்.

இரத்தம் எடுக்கும்போது, ஒழுங்காக வரத் தொடங்கியதும் பட்டியைத் தளர்த்தலாம். எப்படியும் ஊசி வெளியே வரும் முன் பட்டி போயிருக்க வேண்டும். பட்டி இருக்க ஊசியை உருவினால் அடியில் இரத்தம் கட்டி, மறுநாள் அந்த இடம் நாவற்பழம் போலிருக்கும். கெனுலா என்றால், பின்னறையில் இரத்தம் தெரிந்து, பிளாஸ்டிக் குழாயை உள்ளே தள்ளியதும் இழுவை. அப்புறம் நுனிக்கு மேலே தோலை அழுத்திக்கொண்டு ஊசியை உருவுங்கள்.

இதில் நான் எனக்கு ஒரு பூட்டுப் போட்டிருக்கிறேன். பட்டி ட்ரேக்குத் திரும்பி வராமல் பிளாஸ்டர் ஒட்டமாட்டேன். கழற்றினால் மட்டும் போதாது, ட்ரேக்குள் கண்ணால் காண வேண்டும். பிளாஸ்டர் ஒட்டியதும் மனம் "வேலை முடிந்தது" என்று கணக்கை மூடிவிடும், அதற்கு முன் பட்டி வந்தாக வேண்டும். என் ஐயாவின் கையில் நான் பிளாஸ்டரை வடிவாக ஒட்டிவிட்டுத்தான் ஓடினேன்.

யாராவது நடுவில் கூப்பிட்டால்? இழுத்துவிட்டு ஓடுங்கள். ஒரு இழுவைக்கு ஒரு விநாடி. கெனுலா வீணாகிப் போனால் போகட்டும், இன்னொன்று போடலாம். "நீ கொஞ்சம் அவிழ்த்துவிடு" என்று பக்கத்தில் நிற்பவரிடம் சொல்லிவிட்டுப் போகாதீர்கள். அவர் தலையாட்டுவார், அவரையும் யாரோ கூப்பிடுவார்கள்.

சேலைன் ஓடாவிட்டால்

கெனுலாவைத் தொடும் முன், தோள்வரை கையைத் திறந்து பாருங்கள். இது ஒன்றை மட்டுமாவது மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சொட்டு விழாத சேலைனுக்கு நாங்கள் கீழே இருந்துதான் காரணம் தேடுவோம்: கெனுலா மடிந்ததா, குழாயில் காற்றா, போத்தல் உயரம் காணாதா. மேலே ஒரு பட்டி இருக்கலாம் என்பது கடைசியாகத்தான் தோன்றும். அடைப்பு என்று நினைத்து சிரிஞ்சால் பலமாகத் தள்ளுகிறவர்களும் உண்டு. நாளம் வெடித்துவிடும்.

அதைவிடப் பயங்கரம், பட்டி இருக்கும்போதே மருந்து போய்ச் சேர்வது. கொடுத்த மருந்து கைக்குள் தேங்கி நிற்கும். கண்டவுடன் பதறி அவிழ்த்தால் அத்தனையும் ஒரே மூச்சில் இதயத்துக்குப் போகும். அப்படியொரு கையைக் கண்டால் ஏறிக்கொண்டிருப்பதை முதலில் நிறுத்துங்கள், என்ன மருந்து எவ்வளவு போயிற்று என்று டிக்கட்டை (நோயாளியின் பதிவுத் தாள்) பாருங்கள், டொக்டரைக் கூப்பிடுங்கள்.

நோயாளியிடம் சொல்லுங்கள்

ஐயாவின் பதிலை நான் பல வருடம் யோசித்திருக்கிறேன். அவருக்கு வலித்தது. வலி வைத்தியத்தின் ஒரு பங்கு என்று நினைத்துப் பொறுத்தார். எங்கள் பக்கத்துச் சனம் தாதி மிஸ்மாரிடம் கேள்வி கேட்காது, கேட்டால் கோபிப்போம் என்று பயம். அந்தப் பயத்துக்கு நாங்களும் காரணம், அதை இங்கே நீட்டவில்லை.

இப்போது கட்டும்போதே சொல்வேன்: "ஐயா, இந்த ரப்பர் பட்டிய ஒரு நிமிசத்துல கழட்டிடுவன். நான் மறந்து போனா சத்தம் போட்டுக் கூப்பிடுங்க." இதற்கு ஐந்து விநாடி போகும். பக்கத்தில் மகளோ மருமகனோ இருந்தால் அவர்களுக்கும் கேட்கச் சொல்வேன். காவலுக்கு இரண்டு பேர் கிடைத்த மாதிரி. அம்பாறைப் பக்கம் வேலை செய்தால் இந்த ஒரு வசனத்தையாவது சிங்களத்திலும் பாடமாக்கி வையுங்கள்.

சத்தம் போட முடியாதவர்கள்தான் என்னை நித்திரை கொள்ள விடாதவர்கள். நினைவில்லாதவர், பக்கவாதம் வந்தவர், மறதி நோய்க்காரர், மயக்க மருந்து கொடுக்கப்பட்டவர், கைக்குழந்தை. இவர்களுக்கு கெனுலா போட்டு முடிந்ததும் இரண்டு கையையும் போர்வைக்கு வெளியே எடுத்து ஒரு தரம் பார்த்துவிட்டுத்தான் அடுத்த கட்டிலுக்குப் போக வேண்டும். பக்கவாதத்தில் உணர்வற்ற கையில் முடிந்தவரை கட்டவே வேண்டாம்.

சட்டைக் கையைப் பற்றியும் ஒன்று. அபாயா போட்ட உம்மாமார், ராத்தாமாரின் கை இறுக்கமாக இருக்கும். மேலே ஏற்றிச் சுருட்டினால் அந்தச் சுருட்டலே இன்னொரு பட்டியாகிவிடும். பட்டியை அவிழ்த்தும் கை வீங்கினால் துணியைப் பாருங்கள். திரையை இழுத்துவிட்டு, ஒரு கையை மட்டும் வெளியே எடுக்கக் கேட்டால் அநேகமாகச் சம்மதிப்பார்கள். சரி என்று தலையாட்டும்வரை பொறுத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

பட்டி எது, எத்தனை

கையுறையைக் கட்டாதீர்கள். சுருண்டு நூலாகித் தோலை அறுக்கும். வெள்ளை அல்லது தோல் நிறமாக இருப்பதால் டிரெஸ்ஸிங் போலத் தெரிந்து கண்ணை ஏமாற்றும். லேட்டெக்ஸ் ஒவ்வாதவர்களுக்கு அலர்ஜியும் வரும். ஸ்டோரில் பட்டி இல்லை என்பது எனக்கும் தெரிந்த பாட்டுத்தான். அப்படியான நாளில் பிரஷர் கஃப் இருக்கிறது, அதுவும் இல்லாவிட்டால் வளைத்துப் பிடிக்கக் கூட வேலை செய்யும் ஒரு தாதியின் கை இருக்கிறது.

கிளிப்பச்சை, ரோஸ், கடும் செம்மஞ்சள் என்று கண்ணைக் குத்தும் நிறத்தில் எடுங்கள். நாங்கள் வாட்டில் மூன்று பட்டி வைத்திருக்கிறோம், ட்ரேத் தள்ளுவண்டியின் பக்கத்தில் மூன்று கொக்கி. டியூட்டி மாறும்போது ஓவர் கொடுக்கையில் மருந்து எண்ணுவது போல் கொக்கியையும் எண்ணுவோம். இரண்டுதான் இருந்தால் டியூட்டி முடிந்தவரும் வீட்டுக்குப் போக முடியாது, வாட்டை ஒரு சுற்று சுற்றிக் கை பார்க்க வேண்டும். நாலு தரம் பட்டி யாருடைய சட்டைப் பையிலோ கிடந்தது. ஐந்தாம் தரம் தலையணைக்கு அடியில். கையில் கிடந்ததில்லை. இருந்தும் தேடுகிறோம்.

டிக்கட்டில் "பட்டி அவிழ்த்தது" என்று எழுத ஒரு கட்டம் போடலாமே என்று ஒருவர் சொன்னார். செய்து பார்த்தோம். ஒரு கிழமையில் எல்லாரும் பார்க்காமலே சரி அடையாளம் போட ஆரம்பித்தார்கள். கொக்கி பொய் சொல்லாது.

சுத்தம் பற்றிச் சுருக்கமாக: ஒருவருக்கு ஒன்று என்பதுதான் சிறந்தது. ஒரே பட்டி கட்டில் கட்டிலாகப் போகும்போது கிருமியும் கூடவே போகிறது. திரும்பத் திரும்பப் பாவித்த பட்டிகளில் மருந்துக்கு அடங்காத கிருமிகளைப் பல நாட்டு ஆய்வுகள் கண்டிருக்கின்றன. வசதி இல்லாத இடத்தில் ரப்பர் பட்டியை ஒவ்வொருவருக்கும் இடையில் ஸ்பிரிட்டால் துடையுங்கள். துணியும் கொளுக்கியும் உள்ள பட்டி துடைத்தால் சுத்தமாகாது. இரத்தம் பட்டால் எதுவானாலும் குப்பைக்கு.

டெங்கு வாட்டில்

நீண்ட நேரம் கட்டினால் கைக்குள் நீர்ப்பகுதி கசிந்து வெளியேறி, மிச்ச இரத்தம் கெட்டியாகும். புரதம், கல்சியம், ஹீமோகுளோபின், பீ.சி.வி. (இரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) எல்லாம் கூடிக் காட்டும். மற்ற நாளில் இது சின்னப் பிழை. டெங்கு வாட்டில் சின்னப் பிழை இல்லை, ஏனென்றால் பீ.சி.வி. ஏறுகிறதா இறங்குகிறதா என்பதை வைத்துத்தான் டொக்டர் எவ்வளவு சேலைன் என்று முடிவெடுக்கிறார். நீங்கள் மூன்று நிமிடம் கட்டி எடுத்த இரத்தம் "கசிவு தொடங்கிவிட்டது" என்று பொய்ச் செய்தி சொல்லும். கையைப் பொத்திப் பொத்தித் திறக்கச் சொல்வதையும் விடுங்கள். அதில் பொட்டாசியம் ஏறும். ஒரு தரம் மெதுவாகப் பொத்திக்கொண்டால் போதும்.

டெங்குக்குச் செய்யும் டூர்னிகே டெஸ்டும் கட்டுத்தான். மேல் பிரஷருக்கும் கீழ் பிரஷருக்கும் நடுவில் கஃப்பை நிறுத்தி ஐந்து நிமிடம் வைக்க வேண்டும். 120க்கு 80 என்றால் 100இல். இறக்கி இரண்டு நிமிடம் விட்டு, ஒரு சதுர அங்குலத்தில் சிவப்புப் புள்ளிகளை எண்ண வேண்டும். பத்தோ அதற்கு மேலோ இருந்தால் பொசிட்டிவ். இந்த ஐந்து நிமிடத்தில்தான் "மற்றக் கட்டிலை முடித்துவிட்டு வருவோம்" என்ற எண்ணம் வரும். வரக்கூடாது. அங்கேயே கதிரையில் உட்காருங்கள். ஏற்கனவே உடம்பெல்லாம் புள்ளி தெரிகிறவருக்கு இந்த டெஸ்ட் எதற்கு என்று டொக்டரிடம் மரியாதையாகக் கேட்கலாம்.

கட்டவே கூடாத கைகள்: டயாலிசிஸுக்கு நாளத்தையும் நாடியையும் இணைத்த கை (தொட்டால் பூனை உறுமுவது போல் அதிரும், உடனே தெரியும்), மார்பில் கட்டி எடுத்து அக்குள் கணுக்களையும் எடுத்த பக்கம், சேலைன் ஏறிக்கொண்டிருக்கும் கை.

சின்னவர்களும், நாங்கள் கட்டாத கட்டுகளும்

பிறந்த குழந்தைக்குப் பட்டியே வேண்டாம். உதவிக்கு நிற்பவர் விரலால் மெதுவாக வளைத்துப் பிடித்தால் போதும். கையை எடுத்தால் கட்டும் போய்விடும், மறக்க வழியில்லை. தலையில் நாளம் தேடி ரப்பர் வளையம் போடும் இடங்களில், வளையத்தில் ஒரு துண்டு பிளாஸ்டரைக் கொடி போல் ஒட்டிவிடுங்கள். தூக்கி வெட்டவும் லேசு, தலைமயிருக்குள் மறையவும் மாட்டாது.

இன்னொன்றும் எங்கள் ஊரில் அதிகம். கோயிலில் கட்டிய நூல், லெப்பை ஓதிக் கட்டிய நூல், அரைஞாண், கறுப்பு வளையல். கெனுலாவுக்கு மேலேயோ கீழேயோ இவை இருக்க, கை வீங்கினால் அவையே டூர்னிகே. நூலைக் கண்டதும் கத்தரிக்கோலை எடுக்காதீர்கள். "அம்மா, இத மற்றக் கைக்கு மாத்தட்டுமா?" என்று கேட்டால் யாரும் மறுத்ததில்லை. காரணமே தெரியாமல் வீறிட்டழும் குழந்தைக்கு உடுப்பைக் கழற்றிக் கால் விரல்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள். தாயின் ஒற்றைத் தலைமயிர் விரலைச் சுற்றி அறுத்திருக்கும். ஒரு தரம் கண்டேன், வெண்டைக்காய் விதை அளவு சின்ன விரல், அடியில் ஒரு கோடு மட்டும் தெரிந்தது.

தூண்டில் முள் விரல்

கல்முனை, வாழைச்சேனைப் பக்கத்து அவசரப் பிரிவுகளில் வேலை செய்பவர்களுக்குத் தூண்டில் முள்ளும் கெளிற்று முள்ளும் புதிதல்ல. விரலை மரக்கச் செய்து முள்ளை எடுக்கும்போது இரத்தம் வராமலிருக்க விரலடியில் கையுறைத் துண்டைச் சுருட்டி இறுக்குவது பழைய வழக்கம். முள் வந்துவிடும், டிரெஸ்ஸிங் சுற்றிவிடுவோம், விரல் மரத்திருப்பதால் ஆளுக்கு வலி தெரியாது, வீட்டுக்குப் போய்விடுவார். உள்ளே வளையம் இருந்தால் அடுத்த முறை கறுத்த விரலோடு வருவார். இங்கிலாந்தில் இப்படி நடந்து, 2009 டிசம்பரில் அங்குள்ள தேசிய நோயாளர் பாதுகாப்பு முகமை எச்சரிக்கை விடுத்தது: கையுறையைப் பாவிக்காதே, விரலுக்கென்றே செய்த, நிறமுள்ள பட்டியை எடு, துணி எண்ணுவது போல் அதையும் எண்ணு. அந்தப் பட்டி கிடைக்காத இடத்தில், கட்டியதோடு ஒரு ஃபோர்செப்ஸைக் கவ்வித் தொங்கவிடுங்கள். அதற்கு மேல் யாராலும் டிரெஸ்ஸிங் சுற்ற முடியாது. சுற்றும் முன் வாய்விட்டு "பட்டி எடுத்தாச்சு" என்று சொல்ல வைப்பது தாதியின் வேலை. டொக்டர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

கட்டிக்கொண்டு வருபவர்கள்

பெரும்போகக் காலத்தில் வயலில் பாம்பு கடித்து வருகிறவர் காலில் சாரக் கிழிசலோ கயிறோ இறுக்கிக் கட்டியிருக்கும். கட்டக்கூடாது, அசையாமல் வைத்து 1990 அம்புலன்ஸுக்கு அடிக்க வேண்டும் என்று எவ்வளவு சொன்னாலும் பதற்றத்தில் கட்டத்தான் செய்வார்கள். திட்டாதீர்கள். வாசலிலேயே வெட்டியும் விடாதீர்கள். தேங்கி நின்ற விஷம் ஒரேயடியாக ஏறி, பிரஷர் விழலாம், மூச்சு நிற்கலாம். முதலில் கட்டுக்குக் கீழே நாடித்துடிப்பு பாருங்கள். மற்றக் கையில் கெனுலா, பக்கத்தில் ஒட்சிசன், அம்பு பை (கையால் அமுக்கி மூச்சுக் கொடுக்கும் பை), விஷமுறிவு மருந்து எல்லாம் ஆயத்தம். டொக்டர் கட்டிலருகே வந்த பிறகே மெதுவாகத் தளர்த்த வேண்டும். அதற்காக ஒரு மணித்தியாலம் காத்திருக்கலாம் என்று அர்த்தமில்லை, கத்திக் கூப்பிடுங்கள்.

வெட்டு மெஷினில் கை போய், இரத்தம் பீறிட்டதற்காகக் கட்டி வருபவர் வேறு கணக்கு. அந்தக் கட்டு அவர் உயிர். எத்தனை மணிக்குக் கட்டினார்கள் என்று கூட்டி வந்தவரிடம் கேட்டு, நேரத்தை டிக்கட்டில் மட்டுமல்ல, கட்டின் மேலேயே பிளாஸ்டர் ஒட்டி எழுதுங்கள். அவிழ்ப்பது சத்திரசிகிச்சை நிபுணரின் முடிவு.

தியேட்டரில் காற்றடிக்கும் கஃப் பற்றி அங்குள்ளவர்களுக்குத் தனி வகுப்பே உண்டு, நான் வாட்டுக்காரி. பக்கத்தில் நின்று பார்த்ததில் மூன்று விஷயம்: கஃப்புக்கு அடியில் பஞ்சு சுற்றாமல் போடக்கூடாது, தோல் துடைக்கும் மருந்து கஃப்புக்குள் வடிந்தால் தோல் வெந்துபோகும், காற்று ஏறிய நேரத்தைச் சுவர்ப் பலகையில் எழுதி, இத்தனை நிமிடம் ஆயிற்று என்று சத்தமாகச் சொல்ல ஒரு ஆள் வேண்டும். இரண்டு மணித்தியாலம் என்பது பொதுவாக ஒத்துக்கொண்ட மேல் எல்லை.

மறந்த பட்டியைக் கண்டுபிடித்தால்

மணிக்கூட்டைப் பாருங்கள், நேரத்தைக் கையில் எழுதிக்கொள்ளுங்கள். சேலைனையும் மருந்தையும் நிறுத்துங்கள். மருந்து ஒன்றும் போகாத கையென்றால், கட்டிக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தால், உடனே அவிழுங்கள்; பல மணித்தியாலம் இறுகிக் கிடந்ததென்று தெரிந்தால் டொக்டர் பக்கத்தில் நிற்க அவிழுங்கள். கையைத் தேய்த்துவிடாதீர்கள், பிடித்துவிடாதீர்கள். இதயத்தின் மட்டத்தில் வையுங்கள். நாடித்துடிப்பு, நிறம், சூடு, நகத்தை அழுத்திவிட்டால் இரண்டு விநாடிக்குள் சிவப்பு திரும்புகிறதா, விரலை அசைக்கிறாரா, தொடுவது தெரிகிறதா என்று மற்றக் கையோடு ஒப்பிட்டு எழுதுங்கள். பிறகும் கால் மணிக்கொரு தரம் பாருங்கள். விரலை நீங்கள் மெதுவாக நிமிர்த்தும்போது துடித்துப்போகிறார், முன்கை கல்லாக இறுகுகிறது என்றால் தசைக்குள் அமுக்கம் ஏறுகிறது. அது சத்திரசிகிச்சை அவசரம், மறுநாள் ரவுண்ட் வரை பார்த்திருக்க முடியாது.

சம்பவப் படிவத்தை நிரப்புங்கள். யார் கட்டியது என்று விசாரிப்பதை விட, எதனால் ஓடிப்போக வேண்டி வந்தது என்று எழுதுங்கள். ட்ரேயில் பட்டி இல்லாததையும், இரண்டு பேர் நாற்பது கட்டிலைப் பார்த்ததையும் எழுதுங்கள். நோயாளியிடமும் வீட்டாரிடமும் நேரே போய்ச் சொல்லுங்கள். நான் அந்த ஐயாவிடம் சொன்னேன்: "ஐயா, அது மருந்துக்கில்ல. நான் மறந்து போனன்." அவர் கொஞ்ச நேரம் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப இனிமேல் நான் சத்தம் போடலாந்தானே?" என்றார்.